பரீராவின் மறுப்பு

இஸ்லாமிய வரலாற்றுப் பெண்கள் யார் என்று தம்மம்பட்டியில் மாணவர்களிடம் கேட்டால் கதீஜா, ஆயிஷா என்பார்கள். நாம் பரீராவையும் சேர்ப்போம்.

7ஆம் நூற்றாண்டு மதீனாவில் அடிமையாக இருந்தவர் பரீரா. ஆயிஷா அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். அடிமையான கணவர் முகீஸோடு வாழ்வதா, பிரிவதா என்று முடிவெடுக்கும் உரிமை அதோடு அவருக்குக் கிடைத்தது. பிரிந்தார். முகீஸ் அழுதபடி தெருவில் பின்தொடர்ந்தார். நபிகள் அவருக்காகப் பரிந்து பேசினார். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்றதும் மறுத்துவிட்டார். ஹதீஸ் நூல்கள் இதைப் பதிவு செய்துள்ளன.

அடிமைமுறை அன்று ஒழியவில்லை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் துணையைத் தானே முடிவு செய்வதும் விடுதலையின் பகுதிதான்.

2015இல் நம் நாமக்கல் மாவட்டத்தில் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், வேறு சாதித் தோழியோடு பழகியதற்காகக் கொல்லப்பட்டார். துணையைச் சாதிதான் முடிவு செய்யும் என்பவர்களிடம் நாமும் கேட்போம்: இது யார் இட்ட கட்டளை?