மணி கேட்டவரும் வெய்பர்ன் நர்ஸ்களும்

நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தது 1979ல். மனநல மருத்துவமனை, ஆண்கள் வார்டு. எந்த ஊர் என்பது வேண்டாம். சேர்ந்த முதல் வாரமே ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். டியூட்டி ரூம் வாசலில் வந்து நிற்பார். "சார், மணி என்ன?" என்பார். சொன்னால் போய்விடுவார். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்து நிற்பார். சில நாள் சிரித்துக்கொண்டே சொல்வோம், சில நாள் கத்துவோம், சில நாள் கையைப் பிடித்துக் கட்டில் வரை கொண்டுபோய் விட்டு வருவோம். "அது நோய்ப்பா, அவருக்குச் சொன்னாலும் புரியாது" என்பார் சீனியர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு சைக்காலஜி மாணவி, ஒரு கட்டுரையின் நகலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1959ல் வந்தது. 'மனநல நர்ஸ் ஒரு நடத்தைப் பொறியாளர்' என்பது அதன் தலைப்பு. தலைப்பில் நர்ஸ் என்று இருந்ததால்தான் வாங்கினேன். எங்களைப் பற்றி யார் கட்டுரை எழுதுகிறார்கள்? என் ஆங்கிலத்துக்கு அதைப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

எழுதியவர்கள் இருவர். டியோடோரோ அய்லான் என்ற இளம் ஆய்வாளர், அவருடைய பேராசிரியர் ஜாக் மைக்கேல். இடம் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் வெய்பர்ன் என்ற சிற்றூரின் பெரிய மனநல மருத்துவமனை. ('சைக்கடெலிக்' என்ற சொல்லை உருவாக்கிய ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற டாக்டர்தான் அந்தக் காலத்தில் அங்கே கண்காணிப்பாளர். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

அந்தக் காலத்துச் சிகிச்சையாளர்கள் பலருக்கு ஃப்ராய்டு வழிதான் வழி. நோயாளி செய்வதெல்லாம் உள்ளே புதைந்திருக்கும் ஏதோ ஒன்றின் அடையாளம். அதைத் தோண்டி எடுக்காமல் மேலே தெரிவதை மட்டும் நீக்கினால், வேறொன்று முளைக்கும் என்பார்கள். இதற்கு மாறான முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். தென்னாப்பிரிக்காவில் ஜோசப் வோல்ப், போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்துப் பேசவைத்துப் பார்த்து, அதில் திருப்தி இல்லாமல், பயத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை 1958ல் புத்தகமாகவே எழுதினார். ஆனால் இவையெல்லாம் ஒரு டாக்டர், ஒரு நோயாளி, ஒரு அறை என்ற கணக்கு. நூறு பேர் படுத்திருக்கும் வார்டில் அந்த டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் இருப்பார்? மீதி நேரமெல்லாம் இருப்பது நர்ஸும் உதவியாளரும்தானே.

அய்லான் பிடித்தது அந்த இடத்தைத்தான். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் எலியையும் புறாவையும் வைத்துக் கண்டது எளிய விஷயம். ஒரு செயலுக்குப் பின்னால் வேண்டியது ஏதாவது கிடைத்தால் அந்தச் செயல் வளரும். கிடைக்காமலே போனால் தேயும். முன்னதை வலுவூட்டல் என்கிறார்கள். இதை அய்லான் வார்டு நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சிகிச்சை செய்யச் சொல்லி ஆரம்பிக்கவில்லை, எண்ணச் சொல்லி ஆரம்பித்தார். அரை மணிக்கு ஒரு முறை அந்த நோயாளி எங்கே இருக்கிறார் என்று தேடிப் போய், ஒன்று முதல் மூன்று நிமிஷம் பார்த்து, என்ன செய்கிறார் என்று குறிக்க வேண்டும். 'இன்று தொந்தரவு அதிகம்' என்று எழுதக்கூடாது. எத்தனை தடவை என்று எழுத வேண்டும். என் சர்வீஸில் 'நோயாளி அமைதியாக இருந்தார்' என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ! அதில் ஒன்றிலாவது ஒரு எண் இருந்ததில்லை.

மொத்தம் 19 நோயாளிகள். அவர்களில் லூசில் என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்ட பெண்ணின் கதையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக நர்ஸ்களின் அறைக்குள் ஓயாமல் வந்துகொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்ததில் ஒரு நாளைக்குச் சராசரி 16 முறை. நர்ஸ்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார்கள், தள்ளிவிடுவார்கள். சொன்னாலும் அவளுக்குப் புரியாது என்று விட்டுவிட்டார்கள். அய்லான் சொன்னது ஒன்றே ஒன்று: அவள் அறைக்குள் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். திட்டவும் வேண்டாம், பிடித்துத் தள்ளவும் வேண்டாம். ஏழாவது வாரத்தில் 16 என்பது 2 ஆகியிருந்தது.

திட்டுவதும் தள்ளுவதும்கூடக் கவனிப்புதான். பகல் முழுக்க ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்காத இடத்தில், கையைப் பிடித்து நாலடி நடந்து வருவது பெரிய வரவு. எங்கள் வார்டில் பீடி கொடுக்கும் நேரம் ஞாபகம் வந்தது. சத்தம் போடுகிறவருக்குத்தான் முதல் பீடி. வாயை அடைக்க வேண்டுமே! சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் கடைசியில், மீதி இருந்தால். சத்தம் போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

ஹெலன் என்ற இன்னொரு பெண், தன் பழைய துயரத்தையும் தன்னை ஆண்கள் துரத்துவதையும் பற்றியே மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டுச் சலித்த மற்ற நோயாளிகள் அடித்தே விட்டார்களாம். அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காமல், சாதாரணமாகப் பேசினால் மட்டும் நர்ஸ்கள் நின்று கேட்டார்கள். அவள் பேச்சில் 91 சதவீதமாக இருந்த பிதற்றல் 25க்கும் கீழே இறங்கியது. அப்புறம் திடீரென்று ஏறியது. விசாரித்தால், ஒரு சமூகப் பணியாளர் தனியாக உட்கார்ந்து அவளுடைய பழைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நல்லெண்ணத்தில்தான். இதற்கு அவர்கள் வைத்த பெயர், கள்ளச்சாராயம் மாதிரி 'கள்ள வலுவூட்டல்'. ஷிஃப்டில் ஒருவர் மாறிச் செய்தாலும் மற்றவர்களின் உழைப்பு வீண் என்பது எந்த வார்டு நர்ஸுக்கும் தெரியும்.

1963ல் அய்லான் எழுதிய துண்டுக்காரி கதையையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் துண்டுகளைத் திருடித் தன் அறையில் பதுக்குவாள். நர்ஸ்கள் வாரம் இரண்டு முறை பறிமுதல் செய்தும், எப்போது பார்த்தாலும் பத்தொன்பதுக்குக் குறையாது. பறிப்பதை நிறுத்தி, அவர்களே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் நாளுக்கு ஏழு, மூன்றாவது வாரம் அறுபது. வாங்கினாள், மடித்தாள், அடுக்கினாள். 625 துண்டு சேர்ந்தபோது எடுத்துப் போய்விடுங்கள் என்று அவளே கெஞ்சி, வெளியே போட ஆரம்பித்தாள். அடுத்த ஒரு வருஷம் அவள் அறையில் இருந்தது ஒன்றிலிருந்து ஐந்து துண்டுதான். வேறு கோளாறு எதுவும் அதன் இடத்தில் முளைக்கவில்லை என்பதை அய்லான் அழுத்திச் சொல்கிறார்.

அடுத்தது எனக்கு உறுத்தும் கதை. பல வருஷமாக மருத்துவமனையிலேயே கிடந்த ஒரு பெண்ணிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் சிகரெட் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் துடைப்பமும் கையுமாகவே திரிந்தாள். பிறகு விஷயம் தெரியாத இரண்டு மனநல மருத்துவர்களைப் பார்க்கச் சொல்லி விளக்கம் கேட்டார்கள். துடைப்பம் அவளுக்கு அன்பு தரும் குழந்தை, சர்வ வல்லமை கொண்ட ராணியின் செங்கோல் என்றெல்லாம் ஆழமான விளக்கம் வந்தது. சிகரெட்டை நிறுத்தியதும் துடைப்பமும் போய்விட்டது. 1965ல் ஹாட்டனும் அய்லானும் இதை வெளியிட்டார்கள். படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. டாக்டர்களை மடக்குவதற்காக, கேட்க நாதியில்லாத ஒருத்தியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் சம்மதித்தாளா?

அதே கேள்வி பிறகு பெரிதாக எழுந்தது. அய்லான் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊரின் அரசு மனநல மருத்துவமனைக்குப் போய், நேதன் அஸ்ரினுடன் சேர்ந்து ஒரு வார்டு முழுவதையும் டோக்கன் முறைக்குக் கொண்டுவந்தார். சமையலறை வேலை, துணி துவைப்பு, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் டோக்கன். அதைக் கொடுத்து மறைப்புள்ள படுக்கை, வெளியே உலாவ அனுமதி, கடைச் சாமான் வாங்கலாம். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் டோக்கன் உண்டு என்றதும் வேலை நின்றது. பழையபடி மாற்றியதும் மறுபடி எழுந்து வேலைக்குப் போனார்கள். இனி எதற்கும் லாயக்கில்லை என்று கைவிடப்பட்டவர்கள்! 1968ல் புத்தகமாக வந்தது. பல நாடுகளில் இதைப் பின்பற்றினார்கள்.

ஆனால் மறைப்புள்ள படுக்கையை ஒருவர் ஏன் சம்பாதிக்க வேண்டும்? 1972ல் அலபாமாவில் வையட் வழக்கு என்ற வழக்கில், உணவு, படுக்கை, தனிமை போன்றவை நோயாளியின் உரிமை என்றும், மருத்துவமனையை நடத்தத் தேவையான வேலையை நோயாளியிடம் வாங்கினால் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. டோக்கனுக்கு விற்கக் கையில் இருந்த சரக்கில் பாதி போயிற்று. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பட்டினி போட்டு நல்வழிப்படுத்துவதற்கு ஆய்வு எதற்கு? எங்கள் ஊர் வாத்தியார்களே போதும்.

அந்தக் கட்டுரையைப் படித்த மாதமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மணி கேட்பவருக்குக் கோடு போட ஆரம்பித்தேன். பகல் டியூட்டியில் மட்டும் ஒரு நாள் 31 கோடு. வெய்பர்னில் செய்த மாதிரி கண்டுகொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். (கவனிப்பை நிறுத்தினால் முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று அந்த மாணவி எச்சரித்திருந்தார். எனக்குத்தான் தைரியம் இல்லை.) அதனால் மாற்றிச் செய்தேன். அவர் வருவதற்கு முன்னால், அவர் சும்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது நானே போவேன். "அண்ணே, மணி பத்து. சாப்பிட்டீங்களா?" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். இரண்டு மாதத்தில் கோடு ஒன்பது, பத்து என்று இறங்கியது. அவருக்கு ஒரு தங்கை இருப்பதும், இளவயதில் ரைஸ் மில்லில் வேலை பார்த்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நைட் டியூட்டி ஆட்கள் மட்டும் "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரித்துவிட்டுப் பழையபடி கத்திக்கொண்டிருந்தார்கள்.

1983ல் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. நோட்டை அடுத்து வந்தவரிடம் கொடுத்து விவரம் சொன்னேன். ஆறு மாதம் கழித்து ஒரு வேலையாக அங்கே போனபோது, அது மருந்து அலமாரியின் மேல் இருந்தது. நான் போட்ட கடைசிக் கோட்டுக்குப் பிறகு பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், மணி என்ன?" என்றார்.