பால்வெட்டுக் கத்தியின் கூர்



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லவருவோர் கப்பலைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் லயத்து வீடுகளைப் பற்றியும் நிறையவே பேசியிருக்கிறார்கள். அம்மக்கள் நாள்தோறும் கையில் பிடித்த கருவியைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேச்சில்லை. பால்வெட்டுக் கத்தியைத்தான் சொல்கிறேன். உளி என்றும் அதைச் சொல்வார்கள். இன்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் உளி என்றால், தச்சருடைய உளியைத்தான் நினைக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் பலர் அந்தக் கத்தியைக் கொண்டே குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள்.

ரப்பர் மரத்தின் தாயகமாகிய பிரேசில் காடுகளில் பாலெடுக்கச் சிறு கோடரியைப் பயன்படுத்தினார்கள். பட்டையை அங்கங்கே கொத்துவார்கள். காயம் ஆறியதும் மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். 1876-ல் ஹென்றி விக்காம் அங்கிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அந்தக் கோடரியையே நம்பியிருந்தால் இங்கே ரப்பர்த் தொழில் நெடுநாள் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

1888-ல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். பட்டையைக் கொத்த வேண்டாம். சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதன் கீழ்விளிம்பை மெல்லச் சீவினால் போதும். மரமும் கெடாது, பாலும் பெருகும். ஆனால் இந்த முறைக்குக் கோடரி உதவாது. மெல்லியதாகச் சீவும் கத்தி வேண்டும். அந்தக் கத்தி எந்நாளும் கூராக இருக்கவும் வேண்டும்.

ஏன் அவ்வளவு கூர்? பால் ஓடும் நுண்குழாய்கள் உட்பட்டையில், மரக்கட்டையை ஒட்டிய பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்னும் மெல்லிய படலம் உண்டு. அதைத் தொடாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் காயம். புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். முன்னதாகவே நிறுத்தினால் பால் குறையும். ஒரு சீவலில் போகும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஆண்டுக்கு 150 முறை வெட்டினால் 22 சென்டிமீட்டருக்கு மேல் பட்டை தீர்ந்துபோகிறது. மழுங்கிய கத்தி குழாய்களை அறுப்பதற்குப் பதில் நசுக்கும், சீவலும் தடித்துவிடும். விடியுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஏறத்தாழ 500 மரங்களில் இந்தக் கணக்குத் தவறாமல் கை ஓட வேண்டும். எண்ணிப் பாருங்கள்!

மலாயாவில் பெருவழக்காக இருந்தது ஜெபோங் என்னும் கத்தி. இலங்கையில் மிச்சி கோலெட்ஜ் என்னும் வேறொரு வகை. ஜெபோங்கின் அலகு ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இரு சிறகாக மடிந்திருக்கும். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சுமார் 30 பாகைச் சாய்வில் இழுத்து வெட்டுவார்கள். பால்குழாய்கள் இதற்கு எதிர்ச்சாய்வில் ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும்.

கடையில் வாங்கிய கத்தியை அப்படியே மரத்தில் வைக்க மாட்டார்கள். அதை வேலைக்கு ஏற்றதாக்குவது வீட்டில்தான். முதலில் அரம், பிறகு சொரசொரப்பான கல், கடைசியில் வழுவழுப்பான கல், தண்ணீர் தெளித்துத் தெளித்து. வெளிப்பக்கம் எளிது. உள்மடிப்புக்குள் தட்டைக்கல் நுழையாது. அதற்கென்று பழைய கல்லின் துண்டொன்றைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து ஆப்பு வடிவமாக்கி வைத்திருப்பார்கள். மூலை மிகக் கூராயிருந்தால் மரக்கட்டை வரை பாயும். ஆகவே அதை ஒரு சாயல் உருட்டிவிடுவார்கள். கைப்பிடியில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றுவதும் உண்டு, பால் பட்டு வழுக்காதிருக்க. கடைசியாக விளிம்பில் நிற்கும் பிசிரைப் போக்கி, முன்கை மயிரில் வைத்துச் சோதிப்பார்கள். என் தாயார் தம் கத்தியைத் தீட்ட இன்னொருவரிடம் கொடுத்ததே இல்லை. ஒருவர் கைக்குப் பழகிய கூர் இன்னொருவர் கைக்கு ஆகாது என்பார்.

இந்த வேலைக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஒரு காசு தனியாக இல்லை. பெரட்டுக்கு வெளியே, இரவுச் சமையலுக்கும் உறக்கத்துக்கும் நடுவே நடந்த வேலை அது. மரத்தில் காயம் கண்டால் மட்டும் யாருடைய நிரை என்று உடனே கேட்பார்கள். 1922-ல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம் தோட்ட வேலையைத் திறன் வேண்டாத வேலை என்றே வகைப்படுத்தியது. 1938-ல் மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்வதைத் தடை செய்தபோதும் இதே வகைப்பாடுதான் இருந்தது. 1925-ல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமோ, நம் மாநிலத்துச் சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்தி, வெட்டின் சாய்வையும் ஆழத்தையும் அளந்துகொண்டிருந்தது. அறிவியலார் அளவுகோல் வைத்துப் பார்த்ததைத் தொழிலாளியின் விரல் இருட்டிலேயே செய்தது. அதற்குத் திறன் வேண்டாம் என்று எழுதியவர்கள் ஒரு நாளாவது கத்தியைப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

இந்தக் கத்திக்கு மாற்றும் நம் வட்டாரத்திலேயே முளைத்ததுதான் வியப்பு. 1917-ல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே, பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் வாணிபத்துக்காகச் செம்பனையை நட்டார். நாட்டிலேயே அதுதான் முதல். பின்னர், குறிப்பாக 1960-களுக்குப் பிறகு, ரப்பர் மரங்களை வெட்டி வீழ்த்திச் செம்பனை நட்ட தோட்டங்கள் பெருகின. குலை அறுக்க நீண்ட கழியில் பொருத்திய அரிவாள் வந்தது. அதையும் தீட்டத்தான் வேண்டும். ஆனால் மில்லிமீட்டர்க் கணக்கு அதில் இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தை 2007-ல் பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறியது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கத்து மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய உளி இருந்தால் பெரியவர்களைக் கொண்டு எடுத்துப் பாருங்கள். வாயில் விரல் வைக்க வேண்டாம். இடச்சிறகு அதிகம் தேய்ந்திருக்கிறதா, வலச்சிறகா என்று கவனியுங்கள். எந்தக் கல்லில் தீட்டினார்கள், மூலையை எவ்வளவு உருட்டினார்கள் என்று பாட்டியைக் கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுதிக்கொண்டு வாருங்கள்.