முள்ளைத் திருப்பலாம், சூரியனைத் திருப்ப முடியுமா?



ஒரு நாட்டு மக்களின் உறக்கம், உழைப்பு, கல்வி, வணக்கம் ஆகிய அனைத்தும் கடிகாரத்தோடு பிணைந்திருக்கின்றன. அதனைத் திருப்பி வைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் அண்டை நாடான இலங்கையின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

1906ஆம் ஆண்டு முதல் இலங்கையின் நேரம், கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியதாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், அது மேலும் முன்தள்ளப்பட்டு 1945இல் பழைய நிலைக்கே திரும்பியது. பின்னர் 1996இல் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்தது. மாலை வெளிச்சம் நீண்டால் விளக்கெரியும் நேரம் குறையும் என்று கருதிய அரசு, மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருப்பியது.

சூரியன் தன் பாதையிலேயே சென்றது. கொழும்பில் சுமார் 12.10க்கு உச்சி சாய்ந்த பொழுது, புதிய கணக்கில் 1.10 ஆயிற்று, ளுஹருடைய வக்தும் ஜும்ஆவும் அவ்வாறே தள்ளிப் போயின. ஆறு மணிக்கு முன்பே விடிந்த காலை, ஏழை நெருங்கித்தான் விடிந்தது. இருளில் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று பெற்றோர் முறையிட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணியோ பத்தாண்டுகள் நீடித்தது.

வடக்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. எல்லைச் சாவடியைக் கடந்தவர் தம் கைக்கடிகாரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரே தீவில், ஒரே சூரியனின் கீழ் இரண்டு நேரங்கள்! 2006 ஏப்ரல் 15 அன்று அரசு மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. கடிகாரங்கள் ஒன்றுபட்டன, போரோ 2009 வரை ஓயவில்லை.

சகோதரர்களே! பொதுநலன் கருதி ஆட்சியாளர் கடிகாரத்தை மாற்றுவது தவறன்று. ஆயினும் அது மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே. விடியுமுன் புறப்படும் குழந்தையையும் கூலித் தொழிலாளியையும் எண்ணாமல், மக்களைக் கலந்தாலோசிக்காமல் செய்யப்படும் மாற்றம் நிலைப்பதில்லை. நம் தொழுகையின் வக்துகளோ வைகறை வெளிச்சத்தோடும் நிழலின் அளவோடும் இணைக்கப்பட்டவை. முள் எந்த எண்ணில் நின்றாலும் அவை பிசகுவதில்லை.

வல்ல அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.