கேமராவும் குடும்பக் கணக்கும்

புகைப்பட ஆசை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அடிபடுவது மாதாந்திர பட்ஜெட். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டுக்கும் குடும்பத்தில் ஏற்கெனவே வேறு உரிமைதாரர்கள் இருப்பதால்தான் சண்டை வருகிறது.

எங்கள் தாம்பரம் பக்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். குளிர்காலத்து விடியற்காலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் பெரும்பாக்கம் ஏரிக்கரையிலும் முழங்கை நீள லென்ஸோடு ஐந்தாறு பேராவது நிற்பார்கள். பூநாரை வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவிவிட்டால் கூட்டம் இரட்டிப்பாகும். எட்டு மணி ஆனதும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் போன் அடிக்கும். "இதோ கிளம்பிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிஷம் நிற்பார்கள். ஆசைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரம் அந்தப் பத்து நிமிஷம்தான்.

இந்தப் பிரச்சினையை வாழ்நாள் முழுவதும் சமாளித்த ஒரு சென்னைக்காரரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அவர் மா. கிருஷ்ணன். காட்டுயிர்ப் புகைப்படக்காரர், இயற்கையாளர், எழுத்தாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் சமமாக எழுதியவர். அவர் கதையை அவருடைய தந்தையிடமிருந்து தொடங்கினால்தான் முழுசாகப் புரியும்.

தந்தை அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அதே மாதவையாதான். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று அது. ஆனால் மாதவையா முழுநேர எழுத்தாளர் அல்ல. உப்பு மற்றும் ஆப்காரி இலாகாவில் அதிகாரி. ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற உத்தியோகம். எட்டுக் குழந்தைகள். சம்பளத்துக்கு உப்பு இலாகா, மனசுக்கு எழுத்து என்று வருஷக்கணக்கில் இரட்டைக் குதிரைச் சவாரி செய்தார். கடைசியில் வயது வரும் முன்னரே விருப்ப ஓய்வு பெற்று, மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை) குடியேறினார். 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே இறந்துபோனார். வயது 53. கிருஷ்ணன் அப்போது 13 வயதுப் பையன்.

பென்ஷன் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சில் ஒரு முள் குத்தும். "ரிடையர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று எத்தனை விஷயங்களைத் தள்ளி வைத்திருக்கிறோம்! மாதவையா வேலையில் இருக்கும்போதே எழுதினார் என்பதால் நமக்கு அவர் நாவல்கள் கிடைத்தன. ஓய்வுக்குப் பிறகு என்று எல்லாவற்றையும் ஒத்திப் போட்டிருந்தால் ஒரு பத்திரிகையின் சில இதழ்கள்தான் மிஞ்சியிருக்கும்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். குடும்பத்தில் கடைக்குட்டி. அன்றைய மயிலாப்பூரைச் சுற்றிப் புதர்க்காடு இருந்தது. நரியும் பறவைகளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே திரிந்த காலம். இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியர் பைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்தார். படிப்பில் பெரிய பெயர் வாங்கவில்லை. உத்தியோகமும் சுலபமாகக் கிடைக்கவில்லை. படம் வரைந்தும் கட்டுரை எழுதியும் கொஞ்சம் சம்பாதித்தார். அண்ணன் மா. அனந்தநாராயணனோ ஐ.சி.எஸ். தேறியவர், பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவர். அண்ணன் கலெக்டர், தம்பி காட்டுக்குள் குருவி பார்க்கிறான் என்றால் நம் குடும்பங்களில் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1937இல் இந்துமதியை மணந்தார். அதே 1937இல்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டு எங்கள் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு இடம் மாறியது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குத் தெற்கே ஏரியும் வயலும் குன்றும்தான். காட்டைத் தேடிப் போகிறவனுக்குத் தாம்பரம் ஒரு வாசற்படி.

1942இல் கிருஷ்ணனுக்கு பெல்லாரி அருகே சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல வேஷம். ஆடு மேய்த்தார், தபால் புறாக்கள் வளர்த்தார், குன்றுகளில் அலைந்தார். 1949இல் சண்டூர் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சமஸ்தானம் போனது, உத்தியோகமும் போனது. கிருஷ்ணன் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார்.

இங்கேதான் அவர் எடுத்த முடிவு வருகிறது. வயது 37. மனைவி, மகன். இன்னொரு மாதச் சம்பள வேலை தேடுவதுதான் யாரும் செய்யக்கூடியது. அவர் தேடவில்லை. இனி எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு என்று இறங்கிவிட்டார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு செய்ததை மகன் நடு வயதில் செய்தார்.

ஆசைக்காகக் குடும்பத்தைப் பணயம் வைத்தார் என்று சிலர் சொல்லலாம். அவர் அதை நடத்திய விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

முதலாவது, தலைக்கு மேல் அப்பா வாங்கிய வீட்டின் கூரை இருந்தது. எட்வர்ட் எலியட்ஸ் சாலை வீட்டுக்கு மாதவையாவின் சொந்த ஊரான பெருங்குளத்தின் பெயர். வாடகை என்ற பூதம் இல்லை. உப்பு இலாகாவில் அப்பா பட்ட பாடு மகனின் கேமராவுக்கு நிழலாக நின்றது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது, எழுத்தில் ஒரு ஒழுங்கு. 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். காகம், அணில், ஓணான், மழைக்காலத்துத் தவளை என்று வீட்டைச் சுற்றி இருக்கும் உயிர்களும் அதில் வரும். 46 வருஷம் அதை நிறுத்தவில்லை. யானையை எப்போது பார்ப்போம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கட்டுரை கெடுவுக்குள் போயாக வேண்டும், மணியார்டர் அல்லது செக் வந்தாக வேண்டும். நாம் மாதம் முப்பது நாள் கையெழுத்துப் போட்டு வாங்கியதை அவர் பேனாவால் ஒழுங்காகச் சம்பாதித்தார். 'இலஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் காட்டுயிர்ப் புகைப்படக்காரனின் நாட்குறிப்பு என்று தனித் தொடர். பெரியசாமித் தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திலும் விலங்குகளைப் பற்றி எழுதினார்.

மூன்றாவதுதான் கேமராக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அவர் கருவிக்காகக் கடன்பட்ட மனிதர் அல்ல. ஒரு கம்பெனியின் கேமரா உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்ற பாகங்கள் வேறெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தானே சேர்த்துக் கட்டிய ஒரு கனமான சாதனத்துக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கையாளருமான ஈ.பி. ஜீ அதைப் பார்த்துவிட்டு, கம்பியும் கயிறும் போட்டுக் கட்டியிருப்பாரோ என்று கிண்டல் செய்தார், படங்கள் மட்டும் நன்றாக வருகின்றன என்றும் ஒப்புக்கொண்டார். வண்ணப் படத்தின் பக்கம் கிருஷ்ணன் போகவில்லை. கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். முதுமலையில் யானைகளைக் கிட்டத்தில் நின்று எடுத்த படங்கள் எல்லாம் அப்படி வந்தவை.

இதன் அருமை பிலிம் காலத்தில் கேமரா தொட்டவர்களுக்குத்தான் தெரியும். அப்போது நான் வைத்திருந்தது ஆக்ஃபா கிளிக் III. 120 பிலிம் ரோல் போட்டால் 12 படம். ஒவ்வொரு முறை விரல் அழுத்தும்போதும் காசு விழுகிற சத்தம் கேட்கும். ரோல் வாங்க ஒரு செலவு, ஸ்டுடியோவில் கழுவ ஒரு செலவு, பிரிண்ட் போட இன்னொரு செலவு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு 'இந்து' பிலிம் உள்ளூரிலேயே கிடைத்தது. வெளிநாட்டுச் சரக்கு வேண்டுமென்றால் பர்மா பஜாருக்குப் போய்ப் பேரம் பேச வேண்டும். மாதக் கடைசியில் ரோலில் நான்கு படம் மிச்சமிருந்தால் அதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம். பொங்கலன்று குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து அந்த நான்கையும் எடுத்து முடிப்போம். கொக்கும் மீன்கொத்தியும் அந்த ரோலில் இடம் கேட்க முடியாது. அந்தப் படங்கள் இன்றும் ஆல்பத்தில் இருக்கின்றன. அதில் இல்லாதவர் யார் என்று என் பேத்தி கேட்டாள். "தாத்தாதான் எடுத்தார், அதனால் அவர் இல்லை" என்று என் மனைவி பதில் சொன்னாள். புகைப்படக்காரன் குடும்பத்தில் எங்கே இருக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

கிருஷ்ணன் விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அதை நாம் எழுதாமல் விட்டுவிடுகிறோம். 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை அவர் கணக்கெடுத்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதை 1975இல் நூலாக வெளியிட்டது. 1968இல் ஜவஹர்லால் நேரு நினைவு நிதியின் ஆய்வுதவி கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ. இதற்கெல்லாம் அவர் எத்தனை நாள் காட்டில் இருந்திருக்க வேண்டும்! அத்தனை நாளும் மயிலாப்பூரில் ஒரு வீடு நடந்திருக்கிறது. பால் வந்திருக்கிறது, பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறான், உறவினர் வந்தால் காபி கொடுக்கப்பட்டிருக்கிறது. பரிசுப் பட்டியலில் கிருஷ்ணன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இந்துமதி என்ற பெயரை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

இதையே ஒரு பெண் செய்தால் கணக்கு எப்படி மாறும்? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா இருக்கிறார். கிருஷ்ணனுக்கு ஒரு வயது இளையவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்‌ஷா பெயரில்தான் அச்சாயின. பிறகு டெல்லியில் நேருவையும் உலகத் தலைவர்களையும் எடுத்துப் புகழ் பெற்றார். கணவர் இறந்த அடுத்த வருஷம், 1970இல், தொழிலை விட்டார். சில ஆண்டுகளில் மகனோடு பிலானிக்குக் குடிபோனார். 2012இல் இறக்கும் வரை மறுபடி அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. கிருஷ்ணன் கடைசி மூச்சு வரை எழுதினார், ஹோமாய் நாற்பது ஆண்டுக்கு மேல் கேமராவை ஒதுக்கி வைத்து வாழ்ந்தார். இரண்டும் அவரவர் முடிவு. இருந்தாலும் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கும் ஐந்தாறு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை யாருக்குச் சொந்தம் என்பது விளங்கிவிடும்.

கிருஷ்ணன் எழுதிய இடங்களில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது வேடந்தாங்கல். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டிப் போக வேண்டும். 1960இல் வனத்துறைக்காக அந்தச் சரணாலயத்தைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றுவது நேற்று இன்றல்ல. வெள்ளைக்காரர்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இலேயே பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைக்கு மரம், ஊருக்கு நெல். இரண்டு பக்கமும் லாபம் என்பதால்தான் இருநூறு வருஷத்துக்கு மேல் அந்த ஏற்பாடு நிற்கிறது.

ஒரு வீட்டில் ஆசை நிலைப்பதும் இப்படித்தான். கேமராவால் வீட்டுக்கும் ஏதாவது வர வேண்டும். கிருஷ்ணன் வீட்டுக்கு அது கட்டுரைப் பணமாக வந்தது. நமக்குப் பணமாக வர வேண்டியதில்லை. பேத்திக்கு நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் பெயர் தெரிந்தால் போதும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஏரிக்கரைக்குப் போக வேண்டியவர் வீட்டம்மா என்றும் காபி போட வேண்டியவர் நாம் என்றும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் காலமானார். வயது 83. அவருடைய கடைசி 'கன்ட்ரி நோட்புக்' அச்சாகி வந்ததும் அதே நாளில்தான். கெடு தவறாமல் அனுப்பி வைத்திருந்தார்.