கோல்ஃப்: ஷூ தடம் பட்டா பந்து திசை மாறுமா? 2019-ல் விதியையே மாத்தினாங்க!

டிவியில் கோல்ஃப் பார்க்கிறவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க. பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடி வீரர் குழி வரைக்கும் நடந்து போவார், குனிவார், தரையை லேசாத் தட்டுவார், திரும்பி வருவார். என்னதான் பண்றார்? முன்னால் ஆடியவர்களின் ஷூ தடத்தைச் சரி செய்கிறார்.

குழியைச் சுற்றியுள்ள பகுதிக்கு 'கிரீன்' என்று பெயர். பெரிய போட்டிகளில் இங்கே புல்லை சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டியிருப்பார்கள். அதன் மேல் பந்தை உருட்டி விடுவதுதான் 'பட்டிங்'. கேரம் போர்டில் ஒரு மணல் துகள் கிடந்தால் காய் என்னாகும்? அதே கதைதான்.

கால் அழுத்தி உண்டாகும் பள்ளம் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும். ஷூவின் ஸ்பைக் புல்லைக் கிளப்பிவிட்ட சின்ன மேடுதான் வில்லன். பந்து வேகமாகப் போகும்போது பெரிய பாதிப்பு இல்லை. வேகம் குறைந்து குழியை நெருங்கும் கடைசி சில அடிகளில்தான் ஆபத்து.

நாசாவில் பணியாற்றி, பிறகு பட்டிங் ஆராய்ச்சிக்கு வந்த டேவ் பெல்ஸ் இதற்கு வைத்த பெயர் 'லம்பி டோனட்'. பந்தை எடுக்க வரும் யாரும் குழியின் விளிம்பில் மிதிக்க மாட்டார்கள், சற்றுத் தள்ளித்தான் நிற்பார்கள். நாள் முழுக்க இப்படி நின்றால்? சுற்றிலும் வளையம் போல மேடு பள்ளமாகிவிடும், விளிம்பு மட்டும் சற்று உயரமாகவே இருக்கும். மெதுவாக வரும் பந்து அங்கே ஏறத் திணறி விலகிவிடும். அதனால்தான், குழியில் விழாவிட்டால் 17 அங்குலம் தாண்டிப் போகும் வேகத்தில் அடிக்கச் சொன்னார் பெல்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை. கடைசி இரண்டு சுற்றுகளில் முன்னிலையில் இருப்பவர்கள்தான் கடைசியாக ஆட வருவார்கள். அதாவது, அதிகம் மிதிபட்ட கிரீன் அவங்களுக்குத்தான்!

2019-க்கு முன், பந்து விழுந்த தடத்தையும் பழைய குழியை மூடிய இடத்தையும் மட்டுமே சரி செய்யலாம். தன் பந்து போகும் பாதையில் உள்ள ஸ்பைக் தடத்தைத் தட்டிச் சரி செய்தால், ஸ்ட்ரோக் கணக்குப் போட்டிகளில் 2 ஸ்ட்ரோக் அபராதம். மெட்டல் ஸ்பைக் போய் பிளாஸ்டிக் வந்த பிறகும் இந்தத் தடை நீடித்தது.

2019 ஜனவரி 1 முதல் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் இதை அனுமதித்தன. கை, கால், மட்டை எதை வைத்தும் சரி செய்யலாம். ஆனால் ரொம்ப நேரம் எடுக்கக் கூடாது. இயற்கையான மேடு பள்ளம், மண்ணுக்குக் காற்று போகப் போட்ட துளைகள் ஆகியவற்றில் இப்போதும் கை வைக்க முடியாது.