ஐந்தணிப் போட்டி: சேர்ந்தவர்களும் சேர்க்கப்பட்டவர்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் கலந்து கொள்கின்றனர். அதில் வென்றவர்கள் மாவட்டப் போட்டிக்குச் செல்கின்றனர். எந்தப் பள்ளி எந்தப் பள்ளியை எதிர்த்து நிற்பது என்பதை ஊர் எல்லையே முடிவு செய்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் இரண்டானது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அவ்வப்போது கூட்டாளிகளும் எதிராளிகளும் மாறினர். ஆனால் ஆடவரும் பிள்ளை எந்த மதத்தைச் சேர்ந்தவன் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்டே அணி சேர்த்த காலமும் இந்நாட்டில் உண்டு. பம்பாயில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த கிரிக்கெட் போட்டியின் வரலாறு அது.

இந்தியரில் முதன்முதல் மட்டையைக் கையிலெடுத்தவர்கள் பார்சிகள். 1848இல் ஓரியண்டல் கிரிக்கெட் கிளப்பை நிறுவிய அவர்கள், 1877இல் பம்பாய் ஜிம்கானாவின் ஐரோப்பியருடன் மோதினர். ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் காலத்தில், 1892இல், இது ‘பிரசிடென்சி மேட்ச்’ என்னும் பெயரில் நிலைபெற்றது. 1907இல் இந்துக்கள் சேர, மூன்றணிப் போட்டியாயிற்று. 1912இல் முஸ்லிம்கள் சேர, நான்கணிப் போட்டியாயிற்று.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு நில வரலாறு இருக்கிறது. பார்சிகளுக்குக் கடற்கரையோரம் மைதானம் கிடைத்ததும் மற்றச் சமுதாயத்தினரும் விண்ணப்பித்தனர். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தையப்ஜி, இஸ்லாம் ஜிம்கானா உருவாவதற்குத் துணை நின்ற பெருமக்களில் ஒருவர். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் அடுத்தடுத்து நிலம் வழங்கப்பட்டது. மதவாரியாக மைதானம் பிரிந்த பின்னர், அணிகளும் மதவாரியாக அமைந்ததில் வியப்பில்லை. நம்மவர் கேட்டது ஆடுவதற்கோர் இடம். அது சமுதாயத்தின் பெயரால் கேட்டால்தான் கிடைக்கும் என்பது அன்றைய நடைமுறை.

சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1924இல், முஸ்லிம் அணி முதல் வெற்றியைக் கண்டது. சட்டமறுப்புப் போராட்ட ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. மீண்டும் தொடங்கிய 1934இலும் அடுத்த ஆண்டிலும் வெற்றி முஸ்லிம்களுக்கே. வசீர் அலி, நசீர் அலி சகோதரர்களும், பந்து வீச்சாளர் முகம்மது நிசாரும், இந்தூரின் முஷ்டாக் அலியும் அக்காலத்து முஸ்லிம் வீடுகளில் பெருமையோடு உச்சரிக்கப்பட்ட பெயர்கள்.

ஓர் அணிக்குள்ளேயே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியும் இருந்தது. இந்து அணியின் தலைசிறந்த பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு, தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் அவர். மைதானத்தில் அவர் கை பட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்குத் தனி மண்குவளை. தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. அவ்வாண்டு இந்து அணி வென்றது.

நான்கிலும் அடங்காதவர்களுக்கு 1937இல் ஐந்தாவது அணி உருவாயிற்று. கிறிஸ்தவர்கள், யூதர்கள் முதலியோர் சேர்ந்த அதற்கு ‘மற்றவர்கள்’ என்றே பெயர்! இதைவிடத் தெளிவாக ஒருவனிடம், ‘நீ எங்கள் கணக்கில் மிச்சம்’ என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு புதிய பிரபோர்ன் மைதானத்தில் இருக்கை ஒதுக்கீடு பற்றிய தகராற்றால் இந்து அணி விலகிக் கொண்டது. ‘மற்றவர்கள்’ அணியின் கிறிஸ்தவ வீரர் விஜய் ஹசாரே, 1943இன் இறுதி ஆட்டத்தில் இந்துக்களுக்கு எதிராகத் தம் அணி எடுத்த 387 ஓட்டங்களில் 309ஐத் தாம் ஒருவராகவே எடுத்தார். அப்படியும் அந்த அணி தோற்றது.

எதிர்ப்பு வலுத்துக்கொண்டே வந்தது. 1940 டிசம்பரில் தம்மை நாடி வந்த இந்து ஜிம்கானாவினரிடம் காந்தியடிகள், கல்லூரிகளும் நிறுவனங்களும் மோதுவது புரிகிறது, மதவாரி அணிகள் ஏன் என்பதுதான் புரியவில்லை என்னும் கருத்தைச் சொன்னார். ‘பாம்பே கிரானிக்கிள்’ ஆசிரியர் சையத் அப்துல்லா பிரெல்வியும் இப்போட்டியைக் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் கூட்டம் குறையவில்லை. 1944 இறுதி ஆட்டத்தில் கே. சி. இப்ராஹிம் கடைசி வரை ஆட்டமிழக்காமல் 137 எடுக்க, முஸ்லிம் அணி ஒரே விக்கெட் வித்தியாசத்தில் இந்துக்களை வென்றது. அந்த ஆட்டங்களில் பகைமை மட்டுமே இருந்ததென்று கூறுவோருடன் நான் உடன்படவில்லை. ஆனால் நாடு பிளவுபடும் தறுவாயில், ஓட்டக் கணக்கை மதக் கணக்காக எழுதிய பலகை நல்லதன்று. 1945-46 பருவத்தோடு ஐந்தணிப் போட்டி முடிவுக்கு வந்தது.

விந்தை யாதெனில், அதே வீரர்கள் அதே ஆண்டுகளில் வேறொரு கணக்கிலும் ஆடிக்கொண்டிருந்தனர். முஷ்டாக் அலியைச் சிறுவயதிலேயே கண்டறிந்து வளர்த்தவர் சி. கே. நாயுடு. பம்பாயில் ஒருவர் முஸ்லிம் அணி, மற்றவர் இந்து அணி. ரஞ்சிக் கோப்பையிலோ நாயுடுவின் தலைமையில் இருவரும் ஹோல்கர் அணி.

சென்னை தொடக்கத்திலிருந்தே சற்று வேறு வழியில் சென்றது. இங்கும் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் பிரசிடென்சி ஆட்டம் நடந்தது. ஆனால் அணிகள் இரண்டே: ஐரோப்பியர், இந்தியர். இந்தியர் என்றால் எல்லா இந்தியரும்தான். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பரில் அதே சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்து, ஒரே நாளில் முடிந்தது. சென்னைக்காகப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம்சிங் என்னும் சீக்கியர். சென்னை அக்கோப்பையை முதன்முதல் வென்ற 1954-55 இறுதி ஆட்டத்தில், இந்தூரில் ஹோல்கருக்கு எதிராக 75, 91 என ஓட்டங்களைக் குவித்தவர் அவருடைய மகன் கிரிபால் சிங். கிரிபால் பின்னாளில் கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார். அதற்குப் பிறகும் அவர் ஆடியது சென்னைக்காகவே.