கையெழுத்தும் தீர்ப்பும்: பட்டாசுக்குச் சட்டம் கேட்ட இரண்டு நாடுகள்

இங்கிலாந்தில் தீபாவளி இரவு ஒரு மணி வரை பட்டாசு வெடிக்கலாம். தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு, அவ்வளவுதான். இரண்டும் எழுத்தில் உள்ள விதிகள். 2004-இல் வந்த பிரிட்டிஷ் பட்டாசு விதிகள் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வெடிக்கத் தடை விதித்துவிட்டு, நான்கு இரவுகளுக்கு விலக்குத் தருகின்றன. கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5-க்கு நள்ளிரவு வரை. ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி மூன்றுக்கும் ஒரு மணி வரை. லெஸ்டர் நகரத்துக் குஜராத்திகளுக்கும் லண்டன் ஈஸ்ட்ஹாமில் உள்ள நம்மவர்களுக்கும் கிடைத்திருக்கும் அந்த நள்ளிரவு, சிவகாசிக்காரருக்குக் கிடையாது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தாராளம், இங்கே கெடுபிடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் தீபாவளிதோறும் வந்துபோகும் வாதம் அது. கடுமையான பட்டாசுச் சட்டம் வேண்டும் என்று இரு நாட்டிலும் போராடியவர்கள் யார், யாரிடம் கேட்டார்கள், கடைசியில் யார் பாதுகாக்கப்பட்டார்கள் என்று பார்த்தால் கதை வேறு.

இரண்டு சட்டங்களுக்கும் வேர் ஒன்றே. பிரிட்டன் 1875-இல் வெடிபொருள் சட்டம் இயற்றியது. ஒன்பது ஆண்டு கழித்து, 1884-இல், இந்தியாவுக்கும் ஒன்று போட்டது. அந்த 1884 சட்டத்தின் கீழ்தான் சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தரப்பட்டு வந்திருக்கிறது. ஊரில் 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று ஆலைகளைத் தரம்பிரித்துப் பேசுவதெல்லாம் அதன் வாரிசுகள். நாக்பூர் என்றால் மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம். டி.ஆர்.ஓ. என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் சிறு உரிமம்.

வேர் ஒன்றானாலும், சட்டத்தைக் கடுமையாக்கக் கேட்ட வழி இரு நாட்டிலும் வேறுவேறு.

பிரிட்டனில் அது கையெழுத்து இயக்கம். நாய் வளர்ப்பவர்கள், குதிரைப் பண்ணைக்காரர்கள், போர்முனையிலிருந்து திரும்பி வெடிச்சத்தம் கேட்டால் உடல் நடுங்கும் முன்னாள் படைவீரர்கள், தனியாக வாழும் முதியவர்கள் என்று பலரும் சேர்ந்த கூட்டம் அது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒரு மனுவுக்குப் பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் சேர்ந்தால் அவையில் விவாதத்துக்கு எடுப்பதைப் பற்றிப் பரிசீலிப்பார்கள். பட்டாசு பற்றிய மனுக்களில் மூன்றாண்டுகளில் ஏழரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. நாடாளுமன்ற மனுக்கள் குழு அதை விசாரித்து 2019 நவம்பரில் அறிக்கை தந்தது. பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்யுங்கள் என்ற கோரிக்கையைக் குழு ஏற்கவில்லை. சத்தத்தைக் குறையுங்கள், உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் கொடுங்கள் என்றது. அரசு அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

ஆனாலும் அந்த இயக்கம் வீண் என்று நான் நினைக்கவில்லை. அதன் பழைய அறுவடைகள் பெரியவை. 1997-இல் 'பேங்கர்' எனப்படும் ஒற்றை வெடிகளைப் பொதுமக்களுக்கு விற்பது அங்கே தடை செய்யப்பட்டது. நம் பிள்ளைகள் பத்தாகவும் இருபதாகவும் வாங்கி, ஊதுவத்தியால் ஒவ்வொன்றாகத் திரியில் வைத்துவிட்டு ஓடும் லட்சுமி வெடி அந்த இனம்தான். பில் டைனன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததுதான் 2003-ஆம் ஆண்டுப் பட்டாசுச் சட்டம். நேரக் கட்டுப்பாடும், உரிமம் இல்லாத கடைகள் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே விற்கலாம் என்ற விதியும் அதிலிருந்து பிறந்தவை. ஸ்காட்லாந்து 2022-இல் தனிச்சட்டமே இயற்றி, குறிப்பிட்ட பகுதிகளில் யாரும் பட்டாசு வெடிக்கக் கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்குக் கொடுத்தது. எடின்பரோ அதைப் பயன்படுத்தியும் காட்டியது. மெதுவான வழிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஊர்க்காரர்கள் கூடவே ஏறியிருக்கிறார்கள்.

இந்தியாவில் அது வழக்கு. 2015-இல் தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அவர்களுடைய பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் நுரையீரலுக்கு நல்ல காற்று வேண்டும் என்பதுதான் மனுவின் சாரம். அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் அதில் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும். பசுமைப் பட்டாசு மட்டும். பேரியம் உப்பு கூடாது. சரவெடி கூடாது. இணையவழி விற்பனை கூடாது. நேர விதி மீறப்பட்டால் அந்தக் காவல் நிலைய அதிகாரியே பொறுப்பு. ஒரே நாளில், ஒரே தீர்ப்பில், நாடு முழுமைக்கும்!

தில்லிக்குத் தீபாவளி மாலைப் பண்டிகை. நமக்கோ விடியலுக்கு முன்னே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, வாசலில் முதல் வெடியை வைக்கும் பண்டிகை. அந்த வித்தியாசம் தீர்ப்பில் இல்லை. தமிழ்நாடு அரசு போய் முறையிட்ட பிறகுதான், இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் தளர்த்தியது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்ற நம் கணக்கு அப்படி வந்தது. கையெழுத்து இயக்கம் நடந்திருந்தால் இந்தச் சங்கதி முதல் கூட்டத்திலேயே எழுந்திருக்கும். நீதிமன்றத்தின் வேகத்துக்கு நாம் கொடுத்த விலை இது.

சத்தத்தின் அளவு விஷயத்தில் ஒரு வேடிக்கையான உண்மை இருக்கிறது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு விற்கும் பட்டாசு 15 மீட்டர் தூரத்தில் 120 டெசிபலைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 1999-இலிருந்து இருக்கும் விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். 125 என்பதைப் பார்த்ததும் நம் விதி தளர்வானது என்று தோன்றும். தூரத்தைக் கவனிக்க வேண்டும். நாலு மீட்டரில் கேட்கும் சத்தம் பதினைந்து மீட்டருக்குப் போவதற்குள் ஏறக்குறைய 11.5 டெசிபல் குறைந்துவிடும். அப்படிப் பார்த்தால் நம்முடைய 125, அவர்கள் அளக்கும் இடத்தில் 114-ஐத் தொடாது. காகிதத்தில் நம் சட்டம்தான் கறாரானது, அதுவும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக. லூட்டன் வடக்குத் தொகுதி உறுப்பினர் சாரா ஓவன் 120-ஐ 90 ஆக்கக் கோரி அண்மையில் மசோதா கொண்டுவந்தார். நமக்கு இருக்கும் 125-ஐ எந்தத் தெருவில், யார், எந்தக் கருவியால் அளந்தார்கள்? என் ஐம்பது தீபாவளிகளில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மணி எட்டைத் தாண்டி வெடித்ததற்கு வழக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் எல்லோரிடமும் இருக்கிறது.

பறவைக்காகவும் விலங்குக்காகவும் சட்டம் கேட்பது வெள்ளைக்காரர் பழக்கம் என்று யாராவது சொன்னால், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்கு வந்து பார்க்கட்டும். கண்மாய்க்கு வரும் வலசைப் பறவைகள் மிரண்டுவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. எந்தத் தீர்ப்பும் அவர்களைத் தடுக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் மனத்தை அறுப்பது.

பிரிட்டனில் விற்கும் பட்டாசு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. கையெழுத்துப் போட்டவர்களின் ஊரில் மருந்து இடிப்பவர் யாருமில்லை. ஆகவே அந்த இயக்கம் வாங்குபவர், வெடிப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், அவர் நாய் என்பதோடு நின்றதில் எனக்கு வியப்பில்லை. இந்தியாவின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு விருதுநகர் மாவட்டத்திலிருந்து போகிறது. தில்லி வழக்கும் வாங்குபவர், வெடிப்பவர், சுவாசிப்பவர் என்பதோடுதான் நின்றது. பேரியத்தை விலக்கச் சொன்னவர்கள் அதைக் கையால் அள்ளியவரைப் பற்றிக் கேட்கவில்லை.

சாத்தூர்ப் பக்கம் மாலை நேரத்தில் ஆலை வேன் வந்து நிற்கும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். இறங்கும் பெண்களின் முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல் மின்னும். அலுமினியப் பொடி. புருவத்தில், காது மடலில், தாலிக் கயிற்றில் எல்லாம் அது. ஒரு அக்கா வீட்டு வாசலிலேயே நின்று தண்ணீர் கேட்டு, கையையும் காலையும் கழுவிய பிறகுதான் தன் பிள்ளையைத் தொட்டார். அந்தப் பொடி ஈரம் பட்டால் சூடேறும். மருந்தோடு கலந்து உராய்ந்தால் பற்றும்.

'உராய்வு' என்ற சொல்லை நம் செய்தித்தாள்கள் இங்கிருந்துதான் அச்சுக் கோத்து வைத்திருக்கின்றன. 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்று தொடங்கும் செய்தியில் ஊர்ப் பெயரும் செத்தவர் எண்ணிக்கையும்தான் மாறும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, நாற்பது பேருக்குச் சற்று முன்னும் பின்னும். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், இருபதுக்கும் மேல். 2025 ஜூலை 1, சின்னகாமன்பட்டி. இடையில் விட்ட பெயர்கள் இன்னும் நீளும். உராய்வு எப்படி வருகிறது என்று செய்தி சொல்லாது. ஓர் அறையில் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் உட்காருகிறார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை வேகம் எடுக்கிறது. தீபாவளி நெருங்கினால் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. இதில் ஒவ்வொன்றும் ஏற்கனவே விதிமீறல்தான்.

முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடி வந்த சுற்றுப்புற ஊர்க்காரர்கள். இதேபோன்ற ஒன்று பிரிட்டனிலும் நடந்தது. 2006 டிசம்பர் 3 அன்று கிழக்கு சஸ்ஸெக்ஸில் மார்லி ஃபார்ம் என்ற இடத்தில் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றியது. உரிமத்தில் இல்லாத பெரிய வாணங்கள் இரும்புக் கன்டெய்னரில் இருந்தன. அது வெடித்ததில் அணைக்க வந்த தீயணைப்புத் துறையினர் இருவர் இறந்தனர். மூன்று ஆண்டுகளில் வழக்கு முடிந்தது. நிறுவனத்தை நடத்திய தந்தைக்கும் மகனுக்கும் முறையே ஏழு, ஐந்து ஆண்டுகள் சிறை. இரண்டு உயிருக்கு முதலாளிகளே கூண்டில் ஏறினார்கள். நம் ஊர் விபத்துச் செய்திகளின் கடைசிப் பத்தியை நினைத்துப் பாருங்கள்: போர்மேன் கைது, உரிமம் தற்காலிக ரத்து, குடும்பத்துக்கு நிவாரணம்.

இரண்டையும் எடைபோட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். சட்டம் கேட்பதில் பிரிட்டனுடைய வழி நல்லது. சட்டத்தின் எழுத்தில் நம்முடையது கடுமை. நமக்கு வேண்டியது இன்னொரு தடையல்ல, அறைக்குள் நுழையும் ஆய்வாளர். சிவகாசியை மூடிவிடு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2018 தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பட்டினி கிடந்தவர்கள் அந்த வெள்ளிக் கைக்காரர்கள்தான்.

புரட்டாசி பிறந்ததும் பட்டாசு நேரம் பற்றியும் புகை பற்றியும் மனு எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே மனுவில் மூன்று வரிகள் சேருங்கள். அறைக்கு நான்கு பேர் என்ற விதி தினமும் சரிபார்க்கப்பட வேண்டும். உள்குத்தகை பிடிபட்டால் உரிமம் நிரந்தரமாகப் போக வேண்டும். உயிர்ப்பலி நேர்ந்தால் உரிமதாரரே முதல் குற்றவாளியாக நிற்க வேண்டும். கையெழுத்துப் போட நான் தயார். நீங்களும் போடுங்கள்.